திறக்காத ஒலிக்கோப்பு: உள்ளே இருக்கும் குரலை மீட்பது

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்த வாரத்தில் மைக் செட் கடைகளுக்கும் வீடியோ எடிட்டிங் கடைகளுக்கும் வருகிற போன் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணாச்சி, முளைப்பாரிக் கும்மி ஒரு மணி நேரம் பதிஞ்சேன். கார்டுல ஃபைல் இருக்கு. ஆடாசிட்டில போட்டா திறக்க மாட்டேங்குது.”

“எவ்வளவு எம்.பி. காட்டுது தம்பி?”

“அறுநூத்துச் சொச்சம் அண்ணாச்சி.”

“அப்ப பாட்டு உள்ளதான் கெடக்கு. கார்டைக் கழட்டி வை. இனி அதுல ஒண்ணும் பதிஞ்சிராத.”

அனுபவப்பட்டவர் முதலில் அளவைக் கேட்கிறார், அடுத்து கார்டைக் கழற்றச் சொல்கிறார். இந்த வரிசையை மாற்றினால்தான் நஷ்டம். ‘ஃபைல் கரப்ட்’ என்று திரையில் வந்ததும் கைக்குக் கிடைத்த மென்பொருளையெல்லாம் இறக்கி அந்தக் கார்டிலேயே ஓட்டுபவர்கள், மீட்கக்கூடிய பதிவைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள்.

இந்த அத்தியாயத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதக் காரணம் இருக்கிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் கல்லூரி மாணவர்கள் பாட்டிகளிடம் ஒப்பாரியும் கும்மியும் சேகரிக்கிறார்கள். தீப்பெட்டி ஆபீசிலும் பயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலையிலும் உழைத்து ஓய்ந்தவர்களிடம் பேட்டி எடுக்கிறார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த காலத்தைப் பார்த்த தலைமுறை போய்விட்டது. அவர்கள் வாயால் அதைக் கேட்ட தலைமுறையும் தளர்ந்துகொண்டிருக்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று வீட்டு ஆளை இழந்த ஒருவர் மனம் திறந்து பேசிய பதிவு திறக்கவில்லை என்றால், அவர் வீட்டு வாசலில் மறுபடி போய் நின்று “இன்னொரு தடவை சொல்லுங்கம்மா” என்று கேட்பது கொடுமை. கேட்டாலும் அதே பேச்சு வராது. அதனால், பதிவு செய்யக் கற்றுக்கொள்ளும்போதே பழுது நீக்கவும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கார்டில் கை வைக்கும் முன்

எஸ்டி கார்டின் பக்கவாட்டில் சின்னப் பூட்டு ஒன்று இருக்கும். மைக்ரோ எஸ்டி கார்டு என்றால் அதைச் செருகும் அடாப்டரில் இருக்கும். அதைப் பூட்டு நிலைக்குத் தள்ளிவிட்டுத்தான் கணினியில் செருக வேண்டும். விண்டோஸ் ‘கார்டை ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘ஸ்கேன் அண்டு ஃபிக்ஸ்’ என்று கேட்டாலும் வேண்டாம். அது கோப்புகளின் பெயர்ப் பட்டியலைச் சீராக்குவதற்காக எழுதப்பட்ட கருவி. உங்கள் பதிவைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறை அதற்குக் கிடையாது. அவசரத்தில் ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால், கார்டில் ‘ஃபவுண்ட்.000’ என்ற மறைந்த கோப்புறை உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்குள் சிஎச்கே என்ற விரிவுப்பெயரோடு கிடக்கும் கோப்புகளில் ஒன்று உங்கள் பதிவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை நகலெடுத்து, நகலின் விரிவுப்பெயரை வேவ் என்று மாற்றித் திறந்து பார்க்கலாம்.

அடுத்த வேலை, கார்டு முழுவதையும் அப்படியே ஒரே பிம்பக் கோப்பாகக் கணினியில் எடுத்துக்கொள்வது. தெரிகிற கோப்புகளை மட்டும் இழுத்துப் போடுவது போதாது, ஏனென்றால் நமக்கு வேண்டியது தெரியாத இடத்தில் கிடக்கலாம். லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற கருவி இதற்கென்றே எழுதப்பட்டது. படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குத் திரும்பி வரும். தேய்ந்துபோன கார்டு எத்தனை தடவை படிப்புக்குத் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது, ஆகவே இந்த ஒழுங்கு முக்கியம். பிம்பம் எடுத்தபின் கார்டை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி வைத்துவிடுங்கள். இனி எல்லா வேலையும் நகலில்தான்.

கோப்பின் அளவு பூஜ்யம் என்று காட்டினாலும் கலங்க வேண்டாம். பதிவின் நடுவில் பேட்டரி தீர்ந்தால், எழுதப்பட்ட ஒலி கார்டில் இருக்கும், ஆனால் இது எவ்வளவு நீளம் என்ற குறிப்பு பட்டியலில் ஏறியிருக்காது. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளின் பெயரில் போட்டோ இருந்தாலும் அது வேவ், எம்பி3, எம்4ஏ எல்லாவற்றையும் அவற்றின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடி எடுக்கும். அதைக் கார்டில் ஓட்டாமல் பிம்பத்தின் மேல் ஓட்டுங்கள். மீட்டதை வேறு டிரைவில் சேமியுங்கள். சில ரெக்கார்டர்களில் அதே கார்டைத் திரும்பச் செருகினால் அதுவாகவே பழுதைச் சரிசெய்ய முயலும் வசதி உண்டு. நல்ல வசதிதான், ஆனால் பிம்பம் எடுத்து முடித்த பிறகு.

உண்மையிலேயே கெட்டுப்போயிருக்கிறதா?

‘கரப்ட்’ என்று கொண்டுவரப்படும் கோப்புகளில் கணிசமானவை நன்றாகவே இருக்கின்றன. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் எம்4ஏ கோப்பைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நூலகம் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத கணினியில் செல்போன் பதிவைப் போட்டால் பிழைச்செய்தி வரும், பதிவு செய்தவர் பதறிப்போவார். வாட்ஸ்அப் குரல் செய்தி ஓபஸ் வடிவத்தில் இருக்கும். அதன் பெயரின் கடைசியில் எம்பி3 என்று யாரோ கையால் மாற்றி வைத்திருப்பார்கள். பெயர் மாறினால் உள்ளடக்கம் மாறாது. மீடியாஇன்ஃபோ என்ற சிறு மென்பொருளில் கோப்பைப் போட்டால் உள்ளே உண்மையில் என்ன வடிவம், எத்தனை சேனல், என்ன சாம்பிள் ரேட் என்று சொல்லிவிடும். விஎல்சி பிளேயரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விஎல்சியில் பாடி, ஆடாசிட்டியில் மட்டும் திறக்கவில்லை என்றால் பழுது பெரும்பாலும் சின்னதுதான்.

இனி அளவுக் கணக்கு. வேவ் கோப்பில் ஒலி சுருக்கப்படாமல் இருப்பதால் நேரத்துக்கும் அளவுக்கும் நேர்க் கணக்கு உண்டு. 48,000 சாம்பிள், 16 பிட், ஸ்டீரியோ என்றால் விநாடிக்கு 1,92,000 பைட். ஒரு மணி நேரத்துக்கு 69,12,00,000 பைட், விண்டோஸ் அதை ஏறத்தாழ 659 எம்.பி. என்று காட்டும். 44,100 சாம்பிளில் விநாடிக்கு 1,76,400 பைட், ஒரு மணி நேரம் சுமார் 605 எம்.பி. மோனோ என்றால் பாதி. நீங்கள் பதிந்த நேரத்தோடு இந்தக் கணக்கு ஒத்துப்போனால், இடம் முழுக்க ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒலிதான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். எச்எக்ஸ்டி போன்ற ஹெக்ஸ் எடிட்டரில் நகலைத் திறந்து நடுப்பகுதிக்குப் போங்கள். எண்கள் கலந்து ஓடினால் ஒலி இருக்கிறது. பக்கம் பக்கமாக 00 00 00 என்று மட்டுமே ஓடினால் அந்தப் பகுதியில் ஒன்றுமே எழுதப்படவில்லை. இப்படிப் பூஜ்யமாக நிரம்பிய கோப்புகள் பெரும்பாலும் போலிக் கார்டில் இருந்து வருபவை. உறையில் 128 ஜி.பி. என்று அச்சடித்திருக்கும், உள்ளே இருக்கும் சில்லின் கொள்ளளவு அதில் ஒரு துண்டுதான். அது நிரம்பிய பின் எழுதுவதெல்லாம் காற்றில் போகும். கோப்பின் பெயரும் அளவும் மட்டும் ஒழுங்காகத் தெரியும். அந்தப் பகுதியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. மீட்டுத் தருவதாகப் பணம் கேட்பவரிடம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

வேவ் கோப்பின் தலைப்பகுதி

இந்த அத்தியாயத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. வேவ் கோப்பின் தொடக்கத்தில் ஹெடர் என்ற சிறு பகுதி இருக்கிறது. எளிய வேவ் கோப்பில் அது 44 பைட். இத்தனை சேனல், விநாடிக்கு இத்தனை சாம்பிள், ஒரு சாம்பிளுக்கு இத்தனை பிட், மொத்தம் இத்தனை பைட் ஒலி என்ற நான்கு தகவலும் அதில்தான். பின்னால் வரும் நூற்றுக்கணக்கான எம்.பி.யும் வெறும் எண் வரிசை. பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள் கிழிந்ததால் உள்ளே இருக்கும் சரக்கு கெடுவதில்லை என்பது சிவகாசிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹெடர் பழுதும் அப்படித்தான்.

ரெக்கார்டர் பதிவைத் தொடங்கும்போது மொத்த அளவு அதற்குத் தெரியாது. அந்த இடத்தில் பூஜ்யமோ தற்காலிக எண்ணோ போட்டுவிட்டு ஒலியை எழுதிக்கொண்டே போகும். நீங்கள் ஸ்டாப் அழுத்தியதும் திரும்பி வந்து சரியான எண்ணை நிரப்பும். ஸ்டாப் அழுத்தும் முன் பேட்டரி தீர்ந்தாலோ, யாராவது கார்டை உருவினாலோ, மிக்சரோடு சேர்த்து ரெக்கார்டருக்கும் கரண்ட் போனாலோ அந்தக் கடைசி வேலை நடக்காது. மென்பொருள் ஹெடரைப் படித்து, ஒலியின் அளவு பூஜ்யம் என்று நம்பிக் கையை விரித்துவிடும்.

இன்னொரு காரணம் விடிய விடிய நடக்கும் கச்சேரிகளில் வரும். வேவ் ஹெடரில் அளவைக் குறிக்கும் இடம் 32 பிட் அகலம்தான். அதில் 4 ஜி.பி.க்கு மேல் எழுத முடியாது. 48,000 சாம்பிள், 16 பிட் ஸ்டீரியோவில் அந்த எல்லை சுமார் 6 மணி 12 நிமிடத்தில் வரும். 24 பிட்டில் 4 மணி 8 நிமிடம். 32 பிட் ஃப்ளோட்டில் 3 மணி 6 நிமிடம். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும் வில்லுப்பாட்டை லேப்டாப்பில் ஒரே கோப்பாகப் பதிந்தால் எல்லையைத் தாண்டிவிடும், அளவு எண் திரும்பப் பூஜ்யத்தில் இருந்து ஓடத் தொடங்கும், ஏழு மணி நேரப் பதிவு ஒரு மணிக்கும் குறைவாகத் தெரியும். ஆர்எஃப்64 என்ற விரிந்த வடிவம் இதற்காகவே வந்தது. தனி ரெக்கார்டர்கள் பல 2 ஜி.பி.யிலோ 4 ஜி.பி.யிலோ தானே புதுக் கோப்பு தொடங்கிவிடும்.

ஹெக்ஸ் எடிட்டரில் நல்ல வேவ் கோப்பு ஒன்றைத் திறந்தால் முதல் நான்கு எண்கள் 52 49 46 46. எட்டு தள்ளி 57 41 56 45. அதன் பிறகு எங்காவது 64 61 74 61 என்று வரும். இந்த மூன்றாவது அடையாளத்துக்குப் பின் நான்கு பைட் அளவுக் குறிப்பு, அதற்கடுத்த பைட்டில் இருந்து ஒலி. எளிய ஹெடரில் அது 44ஆவது இடம். ஒலிபரப்புக்கான பிடபிள்யூஎஃப் வகையை எழுதும் ரெக்கார்டர்களில் தேதி, நேரக் குறிப்புகள் நடுவில் நுழைவதால் ஒலி இன்னும் தள்ளித்தான் தொடங்கும். 64 61 74 61 இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு எட்டைக் கூட்டுங்கள். அந்த எண் அடுத்த படியில் தேவை.

ஆடாசிட்டியில் ரா டேட்டா

ஆடாசிட்டியின் ஃபைல் மெனுவில் இம்போர்ட், அதற்குள் ரா டேட்டா. கோப்பில் எந்த ஹெடரும் இல்லை என்று எடுத்துக்கொண்டு, நாம் சொல்லும் விவரப்படி எண்களை ஒலியாக்குவதுதான் இதன் வேலை. பெட்டியில் என்கோடிங் என்ற இடத்தில் சைன்ட் 16 பிட் பிசிஎம், பைட் ஆர்டர் என்ற இடத்தில் லிட்டில் எண்டியன், சேனலில் ஸ்டீரியோ அல்லது மோனோ, ஸ்டார்ட் ஆஃப்செட்டில் நீங்கள் குறித்த எண், சாம்பிள் ரேட்டில் உங்கள் ரெக்கார்டரின் எண். விவரம் மறந்துபோயிருந்தால் அதே ரெக்கார்டரில் அதே அமைப்பில் ஒரு நிமிடம் புதிதாக, வேறு கார்டில், பதிந்து மீடியாஇன்ஃபோவில் பாருங்கள். ஊகித்துத் திணறுவதைவிட இது மேல்.

முதல் தடவையே சரியாக வராமல் போகலாம். தவறு என்ன என்பதைக் கேட்கும் ஒலியே சொல்லிவிடும். பாட்டு பாதி வேகத்தில், அடிவயிற்றுக் குரலில் கேட்டால் ஸ்டீரியோ கோப்பை மோனோ என்று திறந்திருக்கிறீர்கள். இரட்டை வேகத்தில் கீச்சென்று கேட்டால் மோனோவை ஸ்டீரியோ என்று திறந்திருக்கிறீர்கள். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே இரைச்சல், அலைவடிவம் திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றால் பிட் அளவு தப்பு அல்லது ஆஃப்செட் தப்பு. ஆஃப்செட்தான் தப்பு என்றால், 16 பிட்டில் அதை ஒன்று கூட்டினால் இரைச்சல் தீர்ந்துவிடும். 24 பிட்டில் ஒன்று, இரண்டு என்று கூட்டிப் பாருங்கள். 16 பிட் ஸ்டீரியோவில் ஆஃப்செட்டைப் பூஜ்யமாக விட்டாலும் 44 என்பது நான்கால் வகுபடுவதால் ஹெடர் ஒரு சின்ன ‘டிக்’ ஒலியாகக் கழிந்துவிடும். 24 பிட்டில் அப்படி நடக்காது, அங்கே ஆஃப்செட் கட்டாயம் சரியாக இருக்க வேண்டும்.

காதுக்கு எளிதில் பிடிபடாத தவறு சாம்பிள் ரேட்டில்தான். 48,000இல் பதிந்ததை 44,100 என்று திறந்தால் ஒரு மணி நேரம் 65 நிமிடத்துக்கு மேல் நீளும், சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். பேசுபவரின் குரல் கொஞ்சம் களைப்பாக இருப்பதாகத்தான் தோன்றும். பாட்டியின் குரலை முன்பின் கேட்டிராத எடிட்டர் இதைக் கண்டுபிடிக்க மாட்டார், தப்பான குரலே காலத்துக்கும் நின்றுவிடும். இதைச் சரிபார்க்க ஓர் உறுதியான வழி உண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மிக்சரில் இருந்து வயர் இழுத்துப் பதிந்த பெரும்பாலான பதிவுகளிலும், டியூப் லைட், ஃபேன் ஓடும் வீட்டில் எடுத்த பல பேட்டிகளிலும், அந்த ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் 50இலும் 100இலும் மெல்லிசாக இருக்கும். யாரும் பேசாத சில விநாடிகளைத் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் திறந்து, சைஸ் என்ற இடத்தில் மிகப் பெரிய எண்ணைப் போடுங்கள். முகடு 50, 100 அருகில் இருந்தால் சாம்பிள் ரேட் சரி. 46, 92 பக்கம் இருந்தால் 48,000 பதிவை 44,100 என்று திறந்திருக்கிறீர்கள். 54, 109 என்று இருந்தால் அதன் மறுதலை. கோயில் திடலில் ஜெனரேட்டர் ஓடியிருந்தால் மட்டும் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், அதன் ஹெர்ட்ஸ் சுமைக்கு ஏற்ப ஏறி இறங்கும். அப்போது அதே நிகழ்ச்சியை யாராவது செல்போனில் வீடியோ எடுத்திருந்தால், ஒரே பாட்டின் நீளத்தை இரண்டிலும் அளந்து ஒப்பிடலாம்.

பாதி வரை நன்றாகப் பாடி, ஒரு இடத்துக்குப் பின் இரைச்சலாக மாறும் கோப்பும் வரும். 24 பிட் பதிவு என்றால் இதற்குக் காரணத்தைக் கணக்காகவே காட்டலாம். கார்டு ஒலியைத் துண்டு துண்டாகச் சேமிக்கிறது, ஒரு துண்டு 32,768 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு துண்டு காணாமல் போனால் போகும் ஒலி கால் விநாடிக்கும் குறைவு. ஆனால் 24 பிட் ஸ்டீரியோவில் ஒரு சாம்பிள் தொகுதி 6 பைட், 32,768ஐ ஆறால் வகுத்தால் மீதி 2. அங்கிருந்து எண்கள் இரண்டு இடம் பிசகி, பிறகு வருவதெல்லாம் இரைச்சலாகிவிடுகிறது. கோப்பை இரண்டு முறை ரா டேட்டாவாகத் திறந்துகொள்ளுங்கள்: ஒன்று சரியான ஆஃப்செட்டில், மற்றொன்று அதோடு 2 அல்லது 4 கூட்டி. முதல் டிராக்கில் நல்ல முன்பாதி கிடைக்கும், இரண்டாவதில் நல்ல பின்பாதி. இரண்டையும் வெட்டிச் சேர்த்தால் இழப்பு அந்தக் கண நேரம் மட்டும்தான். ‘பாதி போச்சு’ என்று ஒதுக்கிவைத்த பதிவுகள் இந்த வழியில் ஏறத்தாழ முழுதாகத் திரும்பி வரும்.

செல்போன் பதிவுகள்

செல்போனின் எம்4ஏ கோப்பு வேறு குணம். உள்ளே எந்த ஒலித்துணுக்கு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் போன் பெரும்பாலும் கடைசியில்தான் எழுதும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே வைத்த போன் சூடேறி அணைந்துபோனால் அட்டவணை எழுதப்படாமலே போய்விடும். ஒலி சுருக்கப்பட்டு, துணுக்குகளின் நீளம் ஒன்றுக்கொன்று மாறுபடுவதால் ரா டேட்டா வழி இங்கே உதவாது. அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி உதவும். அதே போனில், அதே செயலியில், அதே அமைப்பில் எடுத்த நல்ல பதிவு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்த கோப்புக்கு அட்டவணையைத் திரும்பக் கட்டும். மாதிரிக் கோப்பு கிடைக்க வேண்டும் என்பதற்காகவாவது பழுது தீரும்வரை போனை மாற்றாதீர்கள், செயலியை அப்டேட் செய்யாதீர்கள்.

எம்பி3 பிழைத்துக்கொள்ளும் வடிவம். 44,100 சாம்பிளில் சுமார் 26 மில்லி விநாடிக்கு ஒரு சட்டகம், ஒவ்வொன்றுக்கும் தனி ஹெடர். ஒன்று கெட்டாலும் மென்பொருள் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். நீளம் தப்பாகக் காட்டினால் எஃப்எஃப்எம்பெக்கில் மறுகுறியாக்கம் செய்யாமல் நகல் முறையில் புதுக் கோப்பாக எடுத்தாலே பெரும்பாலும் சரியாகும். பழைய பட்டன் போன்களின் ஏஎம்ஆர் பதிவுகளும் 20 மில்லி விநாடிச் சட்டகங்களாக இருப்பதால் ஓரளவு தாங்கும்.

ஆடாசிட்டி ப்ராஜெக்ட் திறக்கவில்லை என்றால்

2021இல் வந்த 3.0 பதிப்புக்கு முன், ஆடாசிட்டி ப்ராஜெக்ட் என்பது ஏயூபி என்று முடியும் சிறு கோப்பும், ‘டேட்டா’ என்று முடியும் கோப்புறையும் சேர்ந்தது. ஒலி முழுவதும் அந்தக் கோப்புறையில்தான். சிறு கோப்பை மட்டும் பென்டிரைவில் கொண்டுவந்து ‘திறக்கவில்லை’ என்பவர்களின் பதிவு வீட்டுக் கணினியிலேயே பத்திரமாக இருக்கும், முதலில் அங்கே தேடச் சொல்லுங்கள். கோப்புறை மட்டும் மிஞ்சியிருந்தால் அதில் ஏயூ என்று முடியும் துணுக்குகள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் ஆறு விநாடி அளவு, குவிந்திருக்கும். அவற்றை உருவான நேரப்படி வரிசைப்படுத்திச் சேர்க்கலாம். ஸ்டீரியோ என்றால் இடது, வலது மாறி மாறி வரும். ஒரு நாள் உட்கார வேண்டிய வேலை, ஆனால் நடக்கும்.

இப்போதைய ஏயூபி3 ஒரே கோப்பு. அது உள்ளுக்குள் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம். ப்ராஜெக்ட் திறந்திருக்கும்போது அதன் பக்கத்தில் அதே பெயரோடு, ‘வால்’ என்று முடியும் இன்னொரு கோப்பு தோன்றும். கடைசியாக நீங்கள் செய்த வேலை அதற்குள்ளும் இருக்கலாம். கரண்ட் போய்க் கணினி அணைந்த பின் அந்தக் கோப்பைப் பார்த்து, குப்பை என்று அழித்துவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்து வேறு இடத்தில் நகலெடுத்துவிட்டு, ஆடாசிட்டியைத் திறந்தால் மீட்கவா என்று அதுவே கேட்கும். அதிலும் திறக்கவில்லை என்றால் ஆடாசிட்டி ப்ராஜெக்ட் டூல்ஸ் என்ற கருவி தரவுத்தளத்தைப் பிரித்து மிஞ்சியதை எடுக்க முயலும். பென்டிரைவில் இருந்தோ, இணையத்தோடு தானாக ஒத்திசையும் கோப்புறையில் இருந்தோ நேரடியாக ப்ராஜெக்டைத் திறந்து எடிட் செய்வதுதான் இந்தப் பழுதுக்குப் பெரிய காரணம். கணினியின் சொந்த டிஸ்க்கில் வேலை பாருங்கள், முடிந்ததும் வேவ் ஆக எக்ஸ்போர்ட் செய்து அதைத் தனியாக வையுங்கள்.

வெடிச் சத்தம் கோப்புப் பழுது ஆகாது

நம் வட்டாரத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. சாமி புறப்பாட்டில் வெடி போட்ட இடத்தில் ஒலி ‘படபட’ என்று கிழிந்து, அதன் பின் ஓரிரு கணம் அமுங்கிக் கேட்கும். கோப்பு கெட்டுவிட்டதாக நினைத்து ரா டேட்டா வரை போகிறவர்கள் உண்டு. பட்டாசுக்கு 1999இல் வகுத்த ஒலி வரம்பே, வெடிக்கும் இடத்தில் இருந்து 4 மீட்டர் தூரத்தில், ஏ-இம்பல்ஸ் அளவையில் 125 டெசிபெல் அல்லது சி-உச்ச அளவையில் 145 டெசிபெல். பல கையடக்க ரெக்கார்டர்களின் உள்மைக் 120 டெசிபெல்லிலேயே எல்லையைத் தொட்டுவிடும். மைக்கிலேயே நசுங்கிய ஒலியை எந்த வடிவத்தில் பதிந்தாலும் நசுங்கியதுதான், 32 பிட் ஃப்ளோட்டும் அதைக் காப்பாற்றாது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகடுகள் மட்டமாக வெட்டுப்பட்டிருந்தால் அது கிளிப்பிங். கிளிப் ஃபிக்ஸ் எஃபெக்ட் லேசான வெட்டைச் சரிசெய்யும், வேட்டுச் சத்தத்தைச் சரிசெய்யாது. பாட்டு கேட்டால் போதும் என்றால் அந்த இடத்தின் வால்யூமை மட்டும் இறக்கிவிட்டு விடுங்கள்.

ஒற்றை ‘டிக்’ ஒலிக்கு ரிப்பேர் எஃபெக்ட் இருக்கிறது. அது ஒரு தடவைக்கு 128 சாம்பிள் வரைதான் ஏற்கும், அதாவது மூன்று மில்லி விநாடிக்கும் குறைவு. அந்த அளவுக்குப் பெரிதாக்கித் தேர்ந்தெடுத்தால் அழகாக ஒட்டிவிடும்.

இதோடு சேர்த்து ஒன்று. பட்டாசு ஆலையின் வேலை அறைக்குள் செல்போனோ ரெக்கார்டரோ கொண்டு போகாதீர்கள். உரிமையாளரே கூப்பிட்டாலும் போகாதீர்கள். அங்கே ஒரு பொறி போதும். பேட்டியைச் சாயந்திரம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை நேரத்தைவிட அங்கேதான் மனம் விட்டுப் பேசவும் செய்வார்கள்.

மீட்ட பதிவை ஒப்படைக்கும்போது

மீட்டதை உடனே வேவ் ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பிறகு ஹெட்போன் மாட்டி முழுவதையும் ஒருமுறை கேளுங்கள். திரையில் அலைவடிவம் ஒழுங்காகத் தெரிகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பேச்சின் நடுவில் வேறு கோப்பின் சினிமாப் பாட்டு ஒட்டிக்கொண்டு வந்திருப்பது கேட்டால்தான் தெரியும். கல்யாண வீடியோ, கும்மிப் பாட்டு என்றால் விடுபட்ட இடத்தை மெல்லக் கரைத்துச் சேர்ப்பதில் தவறில்லை. சாட்சியம், பேட்டி என்றால் சேர்க்காதீர்கள். ‘சூப்பர்வைசர் சொன்னாரு’ என்பதற்கும் ‘சொல்லலை’ என்பதற்கும் இடையில் கால் விநாடிதான். விடுபட்ட இடத்தில் அந்த நீளத்துக்கு மௌனத்தை விட்டு, எத்தனையாவது நிமிடம், விநாடியில் எவ்வளவு போயிருக்கிறது என்று கோப்போடு ஒரு குறிப்பு எழுதிச் சேருங்கள். என்ன சாம்பிள் ரேட், என்ன ஆஃப்செட் என்று வைத்துத் திறந்தீர்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

மூலம் கேசட்டாக இருந்து, அதைக் கணினியில் ஏற்றிய கோப்புதான் கெட்டது என்றால் பழுது பார்ப்பதில் நேரம் போக்க வேண்டாம். கேசட்டைத் தேடி எடுத்து, குறைந்தது 48,000 சாம்பிள், 24 பிட்டில் மறுபடி ஏற்றுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்களுக்கான சர்வதேசச் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு அது.

பழுதான பழைய கோப்பையும், கார்டின் பிம்பத்தையும், மீட்ட கோப்பையும் மூன்றாகவே வைத்திருங்கள். இன்று எடுக்க முடியாத கால் விநாடியை நாளை வேறொரு கருவி எடுக்கலாம், அதற்கு உடைந்த மூலம் வேண்டும். பிம்பம் எடுத்த கார்டை மறுபடி பதிவுக்குப் பயன்படுத்தாதீர்கள். புதுக் கார்டு வாங்கினால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளில் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதித்த பிறகே திருவிழாவுக்குக் கொண்டு போங்கள். 64 ஜி.பி. கார்டுக்கு இது ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், முதல் நாள் ராத்திரியே போட்டுவிட்டுத் தூங்கலாம்.